மணிமேகலையில் உற்றுநோக்கலும் பற்றறுத்தலும்

முன்னுரை

சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலை 30 காதைகளைக் கொண்டது. அதன் இறுதிப் பகுதியிலுள்ள தத்துவக் காதைகள் கதையோடு ஒட்டாதவை என்னும் கருத்து திறனாய்வில் வழங்கி வருகிறது. 27ஆம் காதையின் பிறசமய விளக்கத்திற்கும் 29ஆம் காதையின் அளவையியல் விளக்கத்திற்கும் இக்கருத்து ஓரளவு பொருந்தலாம். 30ஆம் காதைக்கு அது பொருந்தாது. அக்காதையில் அறவண அடிகள் உரைக்கும் தியான நெறி, மணிமேகலையின் வாழ்வில் முன்னரே நிகழ்ந்தவற்றின் பொருளை விளங்கச் செய்கிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

அறவண அடிகளின் நெறி

காமம், வெகுளி, மயக்கம் ஆகிய மூன்று குற்றங்களுக்கும் அடிகள் தனித்தனி மருந்து கூறுகிறார். அநித்தம், துக்கம், அநான்மா, அசுசி என நோக்குவதால் பற்று அறும். மைத்திரி, கருணை, முதிதை ஆகியவற்றால் செற்றம் நீங்கும். சுருதி, சிந்தனை, பாவனை, தரிசனை ஆகியவற்றால் மயக்கம் அகலும். இங்குப் பற்றை அறுக்கும் கருவி விலகி ஓடுதல் அன்று; உற்றுநோக்கல் ஆகும். நிலையற்றதை நிலையானதாகவும், துன்பத்தை இன்பமாகவும், ஆன்மா அல்லாததை ஆன்மாவாகவும், தூய்மையற்றதைத் தூயதாகவும் கொள்ளும் நான்கு திரிபுகளைப் பாலி மரபு குறிப்பிடுகிறது. அடிகள் கூறும் நான்கு நோக்குகளும் இவற்றுக்கு நேர் மாற்றாக அமைந்துள்ளன.

கதையில் நோக்கலின் படிநிலைகள்

ஐந்தாம் காதையில், தன்னை இகழ்ந்துரைத்த உதயகுமரன்பின் தன் நெஞ்சம் சென்றதை மணிமேகலை சுதமதியிடம் மறையாது உரைக்கிறாள். காமத்தின் இயல்பு இதுதானோ என வினவி, அவ்வாறாயின் அது கெடுக என்கிறாள். எழுந்த வேட்கையை மறைக்காமலும் அதன்வழிச் செல்லாமலும் அவள் அதனையே நோக்கும் பொருளாக்குகிறாள். உடல், நுகர்ச்சி, உள்ளம், தருமம் என்னும் நான்கையும் நோக்கப் பணிக்கும் மகாசதிபட்டான சுத்தத்தின் உள்ளம் நோக்கலோடு இந்நிகழ்ச்சி ஒப்புமையுடையது. எனினும் இதனை நேரடித் தாக்கத்திற்குச் சான்றாகக் கொள்ள இயலாது.

இந்நோக்கல் தொடக்கமே அன்றி முடிவன்று. 20ஆம் காதையில் காயசண்டிகை வடிவில் நிற்கும் அவள், நரைமூதாட்டி ஒருத்தியைச் சுட்டி உடலின் நிலையாமையை உதயகுமரனுக்கு உணர்த்துகிறாள். அநித்தமும் அசுசியும் இங்கே பிறர்க்குரைக்கும் அறிவாகின்றன. ஆயினும் காஞ்சனன் வாளால் அவன் இறந்துபட, 21ஆம் காதையில் அவளே அரற்றி அவ்வுடலை அணுக முனைகிறாள், கந்திற்பாவை தடுக்கிறது. நிலையாமையைப் பிறர்க்கு எடுத்துரைத்தவள் தன் துயரின் முன் நிற்க இயலாமற் போவது காப்பியத்தின் குறையன்று. கேட்டறிதலும் சிந்தித்தலும் பாவனையாக முதிர்ந்து தரிசனையாக நிறைவுறும் முன்னர்ப் பற்று மீண்டும் எழும் என்பதற்கு அதுவே சான்றாகும். 30ஆம் காதை கூறும் நால்வகைப் படிநிலையின் தேவையை 21ஆம் காதையின் அழுகை முன்கூட்டியே உணர்த்திவிடுகிறது. தொடக்கம் முதலே மணிமேகலையைச் சலனமற்ற துறவியாகக் காணும் வாசிப்பு இதனைத் தவறவிடுகிறது.

பற்றறுத்தலும் அருளும்

பற்றறுத்தலை உறவறுத்தலாகக் கொள்வதற்கும் காப்பியத்தில் இடமில்லை. மணிபல்லவத்தில் முற்பிறப்பை உணர்ந்தவள் பின்னர் அமுதசுரபியைப் பெறுகிறாள். அவளது வேண்டுகோளால் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது. பௌத்தம் பொதுவாகக் கூறும் நான்கு உயர்பண்புகளுள் உபேட்சை அடிகளின் பட்டியலில் இடம்பெறவில்லை. பிறர்மாட்டுச் செல்லும் மூன்று பண்புகளே கூறப்படுகின்றன. பசிப்பிணி தீர்த்தலை மையமாகக் கொண்ட காப்பியத்திற்கு இத்தேர்வு இயைபுடையது.

முடிவுரை

உளவியல், மருத்துவத் துறைகளில் இன்று பரவியுள்ள கவனத் தியானப் பயிற்சிகள், எழும் எண்ணத்தை மதிப்பிடாது நோக்குவதை வலியுறுத்துகின்றன. மணிமேகலை காட்டும் நோக்கல் மதிப்பீடும் அறநோக்கமும் உடையது. ஆதலின் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு காப்பியத்தை விளக்குதல் பொருந்தாது. மணிமேகலை நோற்றாள் என்ற அளவில் காப்பியம் நிறைவுறுகிறது. வீடுபேறு எய்தியதாக அது கூறவில்லை. பற்றறுத்தல் ஒருமுறை எடுக்கும் முடிவு அன்று. தொடர்ந்து பயிலப்பட வேண்டிய பயிற்சி என்னும் கருத்தை இவ்விறுதி அமைப்பு உறுதிப்படுத்துகிறது.