சாத்தனின் கனவும் நமது வாசிப்பும்

புதுமைப்பித்தனின் 'சிற்பியின் நரகம்' 1935இல் மணிக்கொடியில் வெளிவந்தது. அன்றிலிருந்து அந்தக் கதையை வாசிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள்: பக்தர் கூட்டத்துக்குக் கலை தெரியாது; கலைஞன் பாவம். நானும் நெடுங்காலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அண்மையில் ஸ்காபரோவில் நண்பர் ஒருவரின் வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடி அதை வாசித்தபோதுதான் அந்த முடிவு ஆட்டம் கண்டது.

கதையை மறந்தவர்களுக்காகச் சுருக்கமாக: காவிரிப்பூம்பட்டினத்துச் சிற்பி சாத்தன் தன் ஆயுளின் உழைப்பையெல்லாம் கொட்டி ஒரு கூத்தன் சிலையைச் செய்கிறான். அது அரசனின் கோயிலுக்குப் போகவேண்டும் என்பது அவன் விருப்பம். பைலார்க்கஸ் என்ற யவன நண்பன் சீறுகிறான். கோயிலில் வைப்பதைவிட அரசனின் அந்தப்புரத்தில் வைக்கலாம், உடைத்து எறிந்தாலும் அந்தத் துண்டுகளுக்கு அர்த்தம் இருக்கும் என்பது அவன் கட்சி. சிலை கோயிலுக்கே போகிறது. பிறகு சாத்தன் கனவு காண்கிறான். கருவறை இருட்டு. கூட்டம் கூட்டமாக வருகிறார்கள், எல்லோருக்கும் மோட்சம் வேண்டும், சிலையை ஏறிட்டுப் பார்ப்பவர் ஒருவருமில்லை.

இதைச் சரித்திரக் கதை என்று எண்ணி வாசிப்பவர்களும் உண்டு. யவனர் பட்டினத்தில் நடமாடியது கிறிஸ்துவுக்குப் பிந்திய முதற் சில நூற்றாண்டுகளில். இன்று நமக்குத் தெரிந்த நடராசத் திருமேனியோ சோழர் காலத்தது. இருவருக்குமிடையே பல நூறு வருட இடைவெளி. அவர்களை ஒரே ஊரில் சந்திக்க வைத்தது புதுமைப்பித்தனின் கற்பனை. ஆகவே இது ஒரு மாயக்கதை. சரித்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதில் பிழை பிடிப்பது வீண்வேலை.

அரசனும் சிற்பியும் வருகிற நம்மூர்க் கதைகளில் அரசன் தானே வெற்றிலை மடித்துக் கொடுத்துச் சிற்பியைக் கௌரவிப்பான். கல்கியின் மகேந்திரவர்மன் ஆயனரைத் தேடிப் போகிறான். புதுமைப்பித்தனிடம் அந்தச் சலுகை கிடையாது. அவருடைய கதையில் அரசன் ஒரு கோயிலின் சொந்தக்காரன், அவ்வளவுதான். சிற்பியின் வழக்கு அரசனோடு அல்ல, பார்க்க வருகிற சனத்தோடு.

அன்று எங்களோடு இருந்த வயதான அம்மா ஒருவர் கடைசிவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் பக்தர்களைத் திட்டி முடித்ததும் சொன்னார்: "தம்பி, அதுகள் கேட்டதிலை என்ன பிழை? நல்லூரிலை எத்தினை நாள் நிண்டிருப்பன். முருகன்ரை முகம் எப்பிடியெண்டு நான் பார்த்ததில்லை. என்ரை பிள்ளையைத் திருப்பித் தா எண்டுதான் கேட்டனான்."

எங்களில் ஒருவருக்கும் உடனே பதில் வரவில்லை. யாரோ எழுந்து தேநீர் போடப் போனார்.

பிறகு ஒரு நண்பர் சிவபுரத்தை நினைவுபடுத்தினார். தஞ்சைப் பக்கத்துச் சிவபுரத்தில் 1951இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த நடராசர் பழுதுபார்க்கக் கொடுக்கப்பட்டபோது, அசல் கைமாறி, திரும்பி வந்தது நகல். 1965இல் டக்ளஸ் பாரெட் என்ற பிரித்தானிய அறிஞர் எழுதியபோதுதான் கோயிலில் இருப்பது போலி என்பது வெளியுலகுக்குத் தெரிந்தது. அசல் அமெரிக்காவில் நோர்ட்டன் சைமனிடம் போய்ச் சேர்ந்து 1986இல்தான் இந்தியாவுக்குத் திரும்பியது. இடைப்பட்ட வருடங்களில் நகலுக்கும் பூசை நடந்தது, நகலிடமும் வரம் கேட்டார்கள். சாத்தனின் கனவு அப்படியே பலித்த இடம் இது. நண்பர் இதைச் சற்று வெற்றிக் களிப்போடுதான் சொன்னார்.

ஆனால் பத்தூர் நடராசரையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 1976இல் தோண்டியெடுக்கப்பட்டு, கடத்தப்பட்டு, 1982இல் நமது கனடாவின் கல்கரி நகர நிறுவனமொன்றால் வாங்கப்பட்ட சிலை அது. லண்டன் நீதிமன்றங்களில், 1988இலும் மேன்முறையீட்டில் 1991இலும், வென்றது சிலையின் அழகுக்கு விலை கொடுத்தவர் அல்ல. இடிந்து கிடந்த கோயிலே ஒரு வழக்காளியாக ஏற்கப்பட்டது. கும்பிட்டவர்களின் உரிமைதான் அதை ஊருக்குக் கொண்டுவந்தது.

அப்படியானால் புதுமைப்பித்தன் சனங்களுக்கு அநியாயம் செய்துவிட்டாரா? நாங்கள்தான் அவருக்கு அநியாயம் செய்தோம் என்று இப்போது எனக்குப் படுகிறது. பக்தர்கள் குருடர் என்பது கதைசொல்லியின் தீர்ப்பல்ல. சாத்தனின் கனவில் வருகிற காட்சி. தலைப்பே நரகம் யாருடையது என்று சொல்லிவிடுகிறது. அந்த இருட்டில் வருகிறவர்களுக்குத் தங்கள் துயரம் இருக்கிறது. தன்னைப் பார்க்கவில்லையே என்ற ஏக்கம் சிற்பிக்கு மட்டுமே உரியது. எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் இந்த நோய் தெரியும். நூற்றைம்பது பிரதி அச்சடித்து, முப்பது பேர் வாங்கி, ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லாத இந்த ஊரில் நமக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அதனால்தான் சாத்தனின் பக்கம் அவ்வளவு சுலபமாகச் சாய்ந்துவிடுகிறோம்.

நாங்கள் கவனியாமல் தாண்டிப்போன இடமொன்று முடிவில் இருக்கிறது. சாத்தன் கனவிலிருந்து திடுக்கிட்டு விழிக்கிறான். பேய்க்கனவு என்று சீறிவிட்டு விபூதியை எடுத்து நெற்றியில் அணிகிறான். இல்லாத பைலார்க்கஸை நினைக்கிறான். மனம் அமைதியடைவதில்லை. கனவில் யாரை வெறுத்தானோ அந்தக் கூட்டத்தில் அவனும் ஒருவன்.

இதைச் சொன்னபோது அந்த அம்மா கடைசிப் பக்கத்தை இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். வாசித்தோம்.

"அப்ப அவனும் திருநீறு பூசினவனோ?" என்று கேட்டார்.