நடுவரை நியமிப்பவர் யார்?

கபடியில் பல புள்ளிகளை நடுவரின் கண்தான் தீர்மானிக்கிறது. ரெய்டரின் விரல் நுனி பட்டதா? போனஸ் கோட்டைத் தாண்டியபோது பின்னங்கால் தரையில் படாமல் இருந்ததா? யாரையும் தொடுவதற்கு முன்பே களத்தின் ஓரப் பகுதியான லாபிக்குள் போய்விட்டாரா? எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் இந்தியா 33-29 என ஈரானை வென்ற இறுதி ஆட்டம், லாபி தொடர்பான ஒரு முடிவால் நெடுநேரம் நின்றுபோனது. சர்வதேச நடுவர்களும் வீடியோவும் இருந்த களத்திலேயே அந்த நிலை.

நம் பள்ளிகளின் குறுவட்டப் போட்டிகளில் வீடியோ கிடையாது. பெரும்பாலும் நடுவராக நிற்பவர்கள், பங்கேற்கும் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களே. தன் பள்ளி ஆடும்போது ஒதுங்கிக்கொண்டால் போதும் என்கிறார்கள். போதாது. அவர் விசில் ஊதும் அரையிறுதியில் வெல்லும் அணியோடுதான் அவருடைய பிள்ளைகள் இறுதியில் மோதப்போகிறார்கள். அவர்களுடைய அடுத்த ஆட்டத்துக்கு நடுவராக வரப்போகிறவரும், இப்போது இவர் முன் ஆடும் அணியின் ஆசிரியராக இருக்கலாம். வாய்விட்டுப் பேசாமலேயே ஒரு கொடுக்கல் வாங்கல் உருவாகிவிடுகிறது.

குறுவட்டத்தில் வென்றால்தான் வருவாய் மாவட்டப் போட்டி, அதன்பின் மாநிலப் போட்டி. உயர்கல்வியில் விளையாட்டு இடஒதுக்கீட்டுக்கான சான்றிதழை நோக்கிய பாதையின் முதல் படி இது. ஒரு தவறான 'அவுட்', ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் படியையே மறித்துவிடக்கூடும்.

இதில் ஆசிரியர்களைக் குற்றம் சொல்வது அநியாயம். வெயிலில் நின்று அவர்கள் உழைக்காவிட்டால் போட்டியே நடக்காது. இந்த ஏற்பாடு நேர்மையானவரையும் சந்தேகத்துக்கு ஆளாக்குகிறது. சரியான முடிவைச் சொன்னாலும் 'ஆள் பார்த்துச் சொல்கிறார்' என்ற பேச்சு எழும்.

கிராமத்துப் போட்டிகளில் சிக்கல் இன்னும் வெளிப்படை. போட்டி நடத்தும் ஊர்க்குழுவின் அணியும் களத்தில் இறங்கும். நடுவரை அழைப்பதும், படியும் சாப்பாடும் தருவதும், அடுத்த ஆண்டு மீண்டும் கூப்பிடலாமா என்று முடிவு செய்வதும் அதே குழுதான்.

நியமிக்கும் அதிகாரம் எத்தனை ஆபத்தானது என்பதை 2006இல் இத்தாலி உணர்ந்தது. யுவென்டஸ் கால்பந்துக் கிளப்பின் நிர்வாகி லூசியானோ மோஜி, ஆட்டங்களுக்கு நடுவர்களை ஒதுக்கும் பொறுப்பாளரோடு பேசிய தொலைபேசி உரையாடல்கள் அம்பலமாயின. யுவென்டஸ் இரண்டு லீக் பட்டங்களை இழந்து இரண்டாம் நிலை லீக்குக்கு இறக்கப்பட்டது. அந்த ஊழலின் மையத்தில் இருந்தது, எந்த ஆட்டத்துக்கு எந்த நடுவர் என்ற கேள்விதான்.

தீர்வும் விளையாட்டு உலகிலேயே இருக்கிறது. 1986இல் பாகிஸ்தான் கிரிக்கெட் அணித் தலைவர் இம்ரான் கானின் முயற்சியால், பாகிஸ்தான் - மேற்கிந்தியத் தீவுகள் டெஸ்ட் தொடரில் இந்தியாவின் வி.கே. ராமசாமியும் பிலூ ரிப்போர்ட்டரும் அம்பயர்களாக நின்றார்கள். 2002 முதல் டெஸ்டில் இரு முனையிலும் ஆடும் நாடுகளைச் சேராத அம்பயர்கள் என்பது வழக்கமானது.

அதையே நாமும் செய்யலாம். பக்கத்துக் குறுவட்டங்கள் தங்களுக்குள் நடுவர்களை மாற்றிக்கொள்ளட்டும். கூடுதல் செலவு பெரும்பாலும் பேருந்துக் கட்டணம்தான். எந்த ஆட்டத்துக்கு யார் என்பதை இரு அணித் தலைவர்கள் முன்னிலையில் குலுக்கிப் போடட்டும். ஆடும் அணிகளில் உறவோ, பயிற்சித் தொடர்போ உள்ளவர்கள் அதை முன்கூட்டியே எழுதித் தரட்டும். கிராமத்துப் போட்டிகளில் நடுவர் படியை நுழைவுக் கட்டணத்திலிருந்து பிரித்து, மாவட்டக் கபடிக் கழகத்தின் வழியாகக் கொடுக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, களத்தில் அணி வைத்திருப்பவர் கையில் நடுவர் பட்டியல் இருக்கவே கூடாது. அடுத்த போட்டிக்கான சுற்றறிக்கையிலேயே கல்வித்துறையும் மாவட்டக் கழகங்களும் இதை விதியாக எழுதிவிட வேண்டும்.