ஓட்டை போட்ட டிஸ்க்கை யார் கேட்டது?

போர்ஷே நிறுவனம் சாலைக்கென்று விற்கும் 911 ஜிடி3 காரின் சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தால், பிரேக் டிஸ்க் முழுக்கத் துளைகள் தெரியும். அதே நிறுவனம் பந்தயத்துக்கென்று செய்யும் 911 ஜிடி3 கப் காரில் ஒரு துளைகூடக் கிடையாது. 380 மில்லிமீட்டர் டிஸ்க்கின் முகத்தில் சில காடிகள் வெட்டியிருக்கும், அவ்வளவுதான். ஒரே குடும்பத்துக் கார்கள். நாள் முழுக்கப் பந்தயம் ஓட வேண்டிய கார் எளிமையான டிஸ்க்கோடு போகிறது. ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்கப் போகும் கார் அலங்காரத்தோடு வருகிறது. டிராக் டேக்கு, அதாவது சொந்தக் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டும் நாளுக்கு, தங்கள் ஸ்போர்ட்ஸ் காரைத் தயார் செய்கிற பலர் இதைத் தலைகீழாகப் படித்துவிடுகிறார்கள். துளை போட்டதுதான் பந்தய டிஸ்க் என்று நம்பி, இருக்கிற நல்ல டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதை வாங்கி மாட்டுகிறார்கள்.

இந்தப் பழக்கத்தை எடை போட, முதலில் டிஸ்க் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். கிரேட்டர் நொய்டாவில் உள்ள புத் சர்வதேசத் தடத்தின் பின்பக்க நேர்பாதை ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஓட்டுநரோடு 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார் அதன் முடிவில் மணிக்கு 240 கிலோமீட்டரில் வந்து 80-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சில நொடிகளில் சுமார் 30 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாக மாறியாக வேண்டும். பத்து லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. காற்றுத்தடை ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியில் பெரும்பகுதி முன் சக்கர டிஸ்க்குகள் தலையில் விழும். உரசும் வளையம் 10 கிலோ வார்ப்பிரும்பு என்றால், அந்த ஒரே பிரேக்கில் அதன் வெப்பம் ஏறத்தாழ 200 டிகிரி உயரும். அது ஆறி முடிவதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடும். இப்படிப் படிப்படியாக ஏறித்தான் 600 டிகிரியைத் தொடுகிறது.

ஆக, டிஸ்க் முதலில் ஒரு வெப்பக் கிடங்கு, பிறகுதான் விசிறி. அழுத்திய நொடியில் வெப்பத்தை வாங்கிக்கொள்ள எடை வேண்டும், அடுத்த திருப்பத்துக்குள் அதை வெளியேற்றக் காற்று வேண்டும். டிஸ்க் விற்பவர்கள் இரண்டாவதைப் பற்றி மட்டுமே பேசுவார்கள்.

துளையிட்ட டிஸ்க்குக்கு ஒரு மரியாதையான வரலாறு உண்டு. 1970-களின் தொடக்கத்தில் லெ மான் தடத்தில் ஓடிய போர்ஷே 917 பந்தயக் கார்களில் அது இருந்தது. 1978 மாடல் 911 டர்போ வழியாகச் சாலைக்கு இறங்கியது. டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேடுகளில் அன்று இருந்த பிசின், சூடேறியதும் வாயுவாக வெளியேறி, பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே மெல்லிய படலமாக நிற்கும். அதை வெளியேற்றத் துளை உதவியது. எடையும் குறைந்தது. மழையில் நீர்ப்படலம் சட்டென்று விலகி முதல் அழுத்தத்திலேயே பிரேக் பிடிப்பது இன்றைக்கும் உள்ள உண்மையான பயன். மழைக்காலத்தில் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவருக்குத் துளையிட்ட டிஸ்க் நல்ல தேர்வுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

தடத்தில் நிலைமை வேறு. இன்றைய பந்தயப் பேடுகள் அந்த அளவுக்கு வாயு விடுவதில்லை. துளை போட்டு எடுத்த இரும்பு, வெப்பத்தை வாங்கியிருக்க வேண்டிய இரும்பு. இதையெல்லாம்விடப் பெரிய குறை, வெடிப்பு. ஒவ்வொரு சுற்றிலும் 300-க்கும் 600-க்கும் நடுவே சூடேறி ஆறும் இரும்பு விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கிறது. அந்த இழுவிசை துளையின் விளிம்பில் குவியும். முதலில் மயிரிழை போன்ற கோடுகள் வரும். பிறகு ஒரு துளையிலிருந்து பக்கத்துத் துளைக்குக் கோடு ஓடும். அது டிஸ்க்கின் வெளி விளிம்பைத் தொட்டுவிட்டால் அந்த டிஸ்க்கோடு இன்னொரு சுற்று போகக்கூடாது. காடி வெட்டிய டிஸ்க்கிலும் வெடிப்பு வரும், ஆனால் தாமதமாக வரும். பேடின் முகத்தைச் சுரண்டிச் சுத்தமாக வைப்பது, தூசியை வெளியேற்றுவது ஆகிய பயன்களும் கிடைக்கும். அதற்கு விலையாகப் பேடு கொஞ்சம் வேகமாகத் தேயும், ஒரு உறுமல் சத்தமும் இருக்கும். எதுவும் வெட்டாத வெற்று டிஸ்க் எல்லாவற்றிலும் மலிவு, நீண்ட நாள் உழைப்பு. அமெரிக்காவில் மாதம் தவறாமல் தடத்துக்குப் போகும் பலர் வெற்று டிஸ்க்கையே மாட்டித் தேய்த்துத் தூக்கிப் போடுகிறார்கள். பார்க்க ஒன்றுமிருக்காது. எனக்கு அது புத்திசாலித்தனமாகவே படுகிறது.

தடத்திலிருந்து திரும்பிய காரை மெக்கானிக்கிடம் விட்டால் அடிக்கடி கேட்கும் தீர்ப்பு: “டிஸ்க் பெண்டு ஆயிடுச்சு சார்.” பிரேக் அழுத்தினால் ஸ்டியரிங் உதறுகிறது, ஆகவே டிஸ்க் வளைந்துவிட்டது என்பது கணக்கு. ஃபோர்டு ஜிடி40 அணியில் வேலை பார்த்த அமெரிக்கப் பந்தயப் பொறியாளர் கேரல் ஸ்மித் இந்தக் கணக்கைக் கடுமையாக மறுத்து எழுதினார். பெரும்பாலான உதறல்களில் டிஸ்க் வளைந்திருப்பதில்லை. பேடின் பொருள் டிஸ்க்கின் முகத்தில் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது அவர் வாதம். ஒட்டிய இடம் தடிப்பாகி, அங்கே உரசல் கூடி, 650 முதல் 700 டிகிரியைத் தாண்டும்போது இரும்பு அந்த இடத்தில் மட்டும் சிமென்டைட் என்ற கடினப் பொருளாக மாறிவிடும். பிறகு லேத்தில் கொடுத்துக் கடைந்தாலும் உதறல் திரும்பி வரும், ஏனென்றால் கடினமான இடம் உள்ளேயும் இறங்கியிருக்கும். புது டிஸ்க்கையும் பேடையும் முறையாகப் பழக்காதவருக்கும், சூடான காரைப் பிட்டில் நிறுத்திப் பிரேக்கை மிதித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவருக்கும் எந்த டிஸ்க் வாங்கினாலும் இதே கதைதான். இதில் குற்றம் டிஸ்க்கின் மேல் விழுகிறது, அடுத்த டிஸ்க் இன்னும் விலை கூடியதாக வாங்கப்படுகிறது.

செலவழிக்க மனம் இருந்தால் நியாயமான இடம், இரண்டு துண்டு டிஸ்க். உரசும் இரும்பு வளையம் தனி. வீலோடு பொருந்தும் நடுப்பகுதி அலுமினியத்தில் தனி. 400 மில்லிமீட்டர் இரும்பு டிஸ்க் 500 டிகிரி சூடேறினால் அதன் விட்டம் 2 மில்லிமீட்டருக்கு மேல் கூடும். ஒரே வார்ப்பாகச் செய்த டிஸ்க்கில் நடுப்பகுதி அவ்வளவு சூடாகாததால் அது விரிய மறுக்கும். வளையம் கூம்பு போலச் சாயும், பேடு ஒரு பக்கமாகத் தேயும். இரண்டு துண்டில் வளையம் தன் போக்கில் விரிய இடம் இருக்கிறது. தேய்ந்தால் வளையத்தை மட்டும் மாற்றலாம். குறை என்றால், மெதுவாக ஓட்டும்போது கடகடவென்று ஒரு சத்தம், உப்புக்காற்று அடிக்கும் ஊரில் இணைப்புகளில் துரு. மாதம் ஒருமுறை மட்டும் தடத்துக்குப் போகிற 1,000 கிலோ எடைக் காருக்கு இது தேவையே இல்லை. கனமான, வேகமான காருக்கு நிச்சயம் உதவும். வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உள்ளே காற்றோட்டத்துக்கான வளைந்த தடுப்புகள் உள்ள டிஸ்க்குகளுக்கு இடம், வலம் உண்டு. வெளியே தெரியும் காடியின் சாய்வைப் பார்த்துப் பக்கம் தீர்மானிப்பது தவறு. உள்தடுப்புகள் சுழற்சிக்கு எதிர்ப்பக்கம் பின்சாய்ந்திருக்க வேண்டும்.

இனி பணக்காரப் பிரச்சினைக்கு வருவோம். கார்பன் செராமிக். போர்ஷே இதை 2001-இல் 911 ஜிடி2 காரில் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு ஃபெராரி என்ஸோவில் வந்தது. இரும்பு டிஸ்க்கின் எடையில் ஏறத்தாழப் பாதி. அந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே, சுழலும் இடத்தில் குறைவதால் ஸ்டியரிங் லேசாகும், சக்கரம் மேடுபள்ளத்தை நன்றாகத் தொடரும். துரு கிடையாது, வீலில் கறுப்புத் தூசி படியாது, சாலையில் பல்லாண்டு உழைக்கும். ஃபார்முலா 1 கார்களில் உள்ள முழு கார்பன் டிஸ்க்கோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அது குளிர்ந்திருக்கும்போது சரியாகப் பிடிக்காது. இது வீட்டு வாசலிலிருந்தே பிடிக்கும். பொறியியல் சாதனை என்பதில் ஐயமில்லை.

ஆனால் மேலே சொன்ன கிடங்குக் கணக்கு இங்கேயும் துரத்துகிறது. எடை குறைந்த டிஸ்க் அதே வெப்பத்துக்கு அதிகம் சூடேறும். செராமிக் அந்தச் சூட்டைத் தாங்கும். பக்கத்தில் உள்ள பேடும் அதை அழுத்தும் காலிபரும் பிரேக் ஆயிலும் தாங்க வேண்டுமே. திரும்பத் திரும்ப அதிக வெப்பத்தில் ஓட்டும்போது டிஸ்க்கில் உள்ள கார்பன் இழை ஆக்ஸிஜனோடு சேர்ந்து எரிந்து குறையும். அது தடிமனில் தெரியாது. அதனால்தான் பல செராமிக் டிஸ்க்குகளில் குறைந்தபட்ச எடை பொறித்திருக்கிறது; கழற்றித் தராசில் வைத்தால்தான் ஆயுள் தெரியும். தடத்தைவிட்டுச் சரளைக்கல்லில் இறங்கி ஒரு கல் சிக்கினாலோ, வீல் மாற்றும்போது கைதவறி இடித்தாலோ விளிம்பு உடையலாம். ஜிடி3 காரில் இந்தப் பிரேக்குக்கு அமெரிக்காவில் 9,000 டாலருக்கு மேல் தனியாகக் கொடுக்க வேண்டும். கொடுத்து வாங்கிய பலர் செய்வது என்ன? செராமிக் டிஸ்க்குகளைக் கழற்றிப் பெட்டியில் பத்திரப்படுத்திவிட்டு, தடத்துக்கு இரும்பு மாட்டுகிறார்கள். விற்கும் நாளில் பெட்டியோடு சேர்த்து விற்கிறார்கள்.

நேர்மையாக ஒரு மறுப்பையும் சொல்ல வேண்டும். கப் காரில் இரும்பு இருப்பதால் இரும்புதான் மேல் என்று முடிவு கட்டிவிட முடியாது. ஜிடி3 என்ற தனி வகைப் பந்தயங்களில்கூட, செலவைக் கட்டுப்படுத்த, விதிகள் இரும்பு டிஸ்க்கைத்தான் அனுமதிக்கின்றன. விதி இல்லாவிட்டால் அணிகள் வேறு எதையாவது மாட்டியிருக்கலாம்.  ஆனால் கப் காரில் துளையை விட்டது போர்ஷேயேதான். செலவு என்ற காரணமும் சொந்தப் பணத்தில் ஓட்டுகிற அமெச்சூருக்கு இன்னும் அதிகமாகவே பொருந்தும்.

டிஸ்க்கைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் விட்டுவிடுவது ஆயிலை. டாட் 4 ஆயிலின் தரவரையறைப்படி புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி; ஈரம் உறிஞ்சிய பிறகு 155 போதும் என்று விதி. இருங்காட்டுக்கோட்டைத் தடத்துக்கு வரும் சென்னைக் கார்களுக்கு இது ஏட்டுக் கணக்கல்ல. கடலோர ஈரக்காற்றில் ஓராண்டு கிடந்த ஆயில், சில சுற்றுகளிலேயே குமிழி விட்டுப் பெடலைத் தரையோடு போகவிடும். அப்போது டிஸ்க்கில் துளை இருந்தாலென்ன, வைரம் பதித்திருந்தாலென்ன? பேடும் அப்படித்தான். சாலைப் பேடோடு விலையுயர்ந்த டிஸ்க் மாட்டுவது பணத்தை எரிப்பது. காற்றுக் குழாய் வைப்பவர்களும் அதைப் பெரும்பாலும் டிஸ்க்கின் முகத்தை நோக்கித் திருப்பிவிடுகிறார்கள். டிஸ்க் காற்றை நடுவிலிருந்து உறிஞ்சி விளிம்பில் வீசுகிறது; குழாய் நடுவை நோக்கித்தான் இருக்க வேண்டும். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்தால் வெடிப்புக்கு நாமே வழி செய்தவர்களாவோம்.

எந்த டிஸ்க் வேண்டும் என்று முடிவு செய்யும் முன் அளந்து பார்ப்பவர்கள் குறைவு. இத்தனைக்கும் கருவி மலிவானது. டிஸ்க்கின் வெளி விளிம்பில் பூசும் வெப்பச் சாயம் கிடைக்கிறது: ஏபி ரேசிங் விற்பதில் பச்சை 430 டிகிரியிலும், ஆரஞ்சு 560-இலும், சிவப்பு 610-இலும் நிறம் மாறும். ஒரு நாள் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் போதும். பச்சை மட்டும் மாறியிருந்தால் பெரிய டிஸ்க்குக்குச் செலவு வேண்டாம். மூன்றும் மாறியிருந்தால் காற்றும் எடையும் தேவைப்படுகின்றன.

என் தீர்ப்பு இது. அமெச்சூர் ஓட்டுநரின் டிராக் டே காருக்கு வெற்று இரும்பு டிஸ்க் அல்லது காடி வெட்டிய இரும்பு டிஸ்க். கார் கனமும் வேகமும் உள்ளதென்றால் இரண்டு துண்டு. துளையிட்டது சாலையோடு நிற்கட்டும். செராமிக் ஏற்கெனவே காரோடு வந்திருந்தால் கழற்றி வையுங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்துக்கு நல்ல ஆயில், பந்தயப் பேடு, இன்னும் சில நாள் தடக் கட்டணம் என்று பிரித்துச் செலவழியுங்கள். அடுத்த முறை போவதற்கு முன் வீலைக் கழற்றி, டிஸ்க்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனைப் படித்து, மைக்ரோமீட்டரால் அளந்துவிட்டுப் புறப்படுங்கள்.