மேய்ப்பரைப் பேணுவார் யார்? பெரிய கிரகோரியாரின் மேய்ப்புப்பணி நூலை முன்வைத்து

ஆன்மப் பேணலைக் கலைகளுள் தலையாய கலையாகக் கொண்டு வகுத்துரைத்த இலத்தீன் நூல், பெரிய கிரகோரியாரின் ‘மேய்ப்புப்பணி நெறி’. 590இல் அவர் போப்பாண்டவராகப் பொறுப்பேற்றதை அடுத்து எழுதப்பட்டது. மேய்ப்பராவதற்குரிய தகுதி, மேய்ப்பரின் வாழ்வு, கேட்போர் இயல்பறிந்து போதித்தல், போதித்தபின் தன்னுள் திரும்புதல் என நான்கு பகுதிகளையுடையது.

மூன்றாம் பகுதியே நூலின் பெருவலிமை. ஏழையர் – செல்வர், மகிழ்வோர் – துயருறுவோர் எனக் கேட்போரை எதிரிணைகளாக நிறுத்தி, ஒருவரைத் தேற்றும் சொல் மற்றொருவரைக் கெடுக்கக்கூடும் என்று கிரகோரியார் நிறுவுகிறார். இப்பகுதி 40 இயல்களால் ஆனது. நான்காம் பகுதியோ ஓர் இயலளவே.

இச்சமனின்மையை மட்டும் குறையெனல் பொருந்தாது. மேய்ப்பரின் வாழ்வை இரண்டாம் பகுதி விரிவாகவே பேசுகிறது. குறை வேறிடத்தில் உள்ளது. நான்காம் பகுதி கருதும் நோய், நன்கு போதித்ததால் எழும் செருக்கு ஒன்றே. அதற்குரிய மருந்து, தன் குறைகளைத் தானே எண்ணுதல். மக்களின் பல்வேறு நோய்களுக்குப் பல்வேறு மருந்து கண்டவர், மேய்ப்பரின் சோர்வுக்கும் தனிமைக்கும் அங்கு இடமளிக்கவில்லை. மருத்துவரே தம் நோயையும் தனித்துத் தீர்த்துக்கொள்ள வேண்டியவராகிறார்.

ஆயினும் நூலின் முடிவு இந்நெறியைக் கடந்து செல்கிறது. உடைந்த கலத்திலிருந்து தத்தளிப்பவராகத் தம்மைக் காட்டும் கிரகோரியார், வேண்டுதல் என்னும் பலகையால் தம்மைத் தாங்குமாறு ஆயர் யோவானைக் கேட்கிறார். நெறியாக வகுக்கப்படாதது விண்ணப்பமாக வெளிப்படுகிறது: மேய்ப்பரும் மந்தையுள் ஒருவரே. போதகர் பயிற்சிக்கு இந்நூலைப் பயன்படுத்துவோர் அவ்விண்ணப்பத்தையும் நெறியின் பகுதியாகவே வாசித்தல் வேண்டும்.