தாஜ் ஹோட்டல்களை எப்படி ரசிப்பது?

நாமக்கல் லாரிக்காரர்களும் திருச்செங்கோட்டு ரிக் முதலாளிகளும் செவ்வாய்ப்பேட்டை வெள்ளி வியாபாரிகளும் சுற்றாத ஊர் இந்தியாவில் குறைவு. பம்பாய், ஐதராபாத், ஜோத்பூர் எல்லாம் நம் ஆட்கள் சரக்கு இறக்கிய ஊர்கள், போர் போட்ட ஊர்கள், கொலுசுக்கு ஆர்டர் பிடித்த ஊர்கள். வேலை முடிந்தால் மார்க்கெட் பக்கத்து லாட்ஜில் தூங்கி எழுந்து, அடுத்த வண்டியில் ஊர் திரும்பிவிடுவார்கள். அந்த ஊர்களின் பெரிய ஹோட்டல்களைச் சாலையிலிருந்து அண்ணாந்து பார்த்ததோடு சரி. பலருக்குக் காசு ஒரு தடையே இல்லை. உள்ளே போனால் எதைப் பார்ப்பது, எதற்கு இந்த விலை என்று யாரும் சொல்லித் தந்ததில்லை, அவ்வளவுதான்.

சேலம் மாமாங்கத்தில் ராடிசன் வந்துவிட்டது. உலகம் முழுக்கக் கிளை உள்ள குழுமத்தின் பெயர் நமக்கு இனிப் புதிதல்ல. அப்படிப்பட்ட குழுமங்கள் பெரும்பாலும் எந்த ஊருக்குப் போனாலும் ஒரே மாதிரி அறை, ஒரே மாதிரி காலைச் சாப்பாடு என்பதையே பெருமையாக விற்கின்றன. களைத்து வருகிறவருக்கு அது நல்லதுதான். ஆனால் ஒன்றைப் பார்த்தால் மற்றதையும் பார்த்த மாதிரி. ஒன்றுக்கொன்று ஒட்டாத கட்டடங்களை ஒரே பெயரின் கீழ் வைத்திருப்பது தாஜ் குழுமம். 1902-ல் தொடங்கிய இந்தியன் ஹோட்டல்ஸ் என்ற டாடா நிறுவனம் அதை நடத்துகிறது. லண்டனில் செயின்ட் ஜேம்ஸ் கோர்ட், நியூயார்க்கில் பியர், கொழும்பில் காலிமுகத்திடல் எதிரே தாஜ் சமுத்ரா என்று கடல் கடந்தும் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்து ரசிக்க வேண்டுமென்றால் இதைவிட நல்ல பாடம் கிடையாது.

முதலில் நட்சத்திரக் கணக்கை மறந்துவிடுங்கள். லிஃப்ட் உண்டா, நீச்சல் குளம் உண்டா என்பதை நட்சத்திரம் சொல்லும். அந்த இடத்துக்கு உயிர் உண்டா என்று சொல்லாது. நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: இந்தக் கட்டடம் ஹோட்டலாகவே பிறந்ததா, வேறொன்றாக இருந்து ஹோட்டலாக மாறியதா? பதில் தெரிந்தால் அங்கே எதைப் பார்ப்பது என்பது பாதி தெரிந்துவிடும்.

பம்பாய் தாஜ்மகால் ஹோட்டலாகவே பிறந்தது. ஜம்ஷெட்ஜி டாடா கட்டுவித்து 1903 டிசம்பர் 16 அன்று திறந்தார். கேட்வே ஆஃப் இந்தியா வளைவுக்குப் பக்கத்தில் ஹோட்டல் கட்டினார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். வளைவு திறக்கப்பட்டது 1924-ல். இருபத்தோரு வருஷம் மூத்தது ஹோட்டல்தான். கப்பலில் பம்பாய்க்கு வந்தவர்களின் கண்ணில் பட்ட முதல் பெரிய கட்டடங்களில் அதுவும் ஒன்று. சீதாராம் கண்டேராவ் வைத்யாவும் டி.என். மிர்சாவும் வரைந்த திட்டத்தை டபிள்யூ.ஏ. சேம்பர்ஸ் முடித்தார். தரகர்கள் உங்களிடம் ஒரு கதை சொல்வார்கள்: வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக் கட்டிவிட்டார்கள், முன்பக்கம் பின்பக்கம் ஆகிவிட்டது, கட்டடக் கலைஞர் மனமுடைந்து செத்தார் என்று. அதை நம்பாதீர்கள். குதிரை வண்டிகள் ஊர்ப்பக்கமிருந்து வந்த காலம் அது. வாசல் அந்தப் பக்கம் இருந்தது. இன்று அங்கே நீச்சல் குளம் இருக்கிறது. கடல் காற்றும் கடல் பார்வையும் அறைகளுக்குப் போகும்படி வேண்டுமென்றே போட்ட திட்டம்.

அங்கே போனால் முதலில் நடுக் குவிமாடத்துக்கு நேர் கீழே உள்ள படிக்கட்டின் அடியில் நின்று மேலே பாருங்கள். தாங்கும் தூண் கண்ணில் படாமல் மாடி மாடியாகப் படிகள் சுவரிலிருந்தே நீட்டிக்கொண்டு போகும். டாடாவின் மார்பளவுச் சிலையும் அங்கேதான் இருக்கிறது. பிறகு 1970-களில் பக்கத்தில் எழுந்த உயரமான கட்டடத்துக்குள்ளும் ஒரு நடை போய் வாருங்கள். பழையதும் புதியதும் ஒரே ஹோட்டல்தான். இரண்டிலும் நடந்து பார்த்தவருக்கே பழைய கட்டடத்தின் தாழ்வாரத்து அகலமும் கூரை உயரமும் எதற்கு என்று புரியும். அறை பதிவு செய்கிறவர்கள் எந்தக் கட்டடம் என்று கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். பெயர் ஒன்று என்பதால் அனுபவமும் ஒன்றாகாது.

2008 நவம்பரில் இந்த ஹோட்டலில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். அந்த இரவு தப்பி ஓட வழி தெரிந்த ஊழியர்கள் ஓடாமல், விருந்தினர்களை ஒளித்து வைத்து வெளியேற்றினார்கள். அவர்களில் பலர் உயிரை விட்டார்கள். எரிந்த பகுதி 2010 ஆகஸ்ட் 15 அன்று மறுபடி திறந்தது. உள்ளே இறந்தவர்களின் பெயர்கள் பொறித்த நினைவுச் சின்னம் இருக்கிறது. செல்ஃபி எடுக்கும் முன் அங்கே ஒரு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். ஹோட்டல் சேவை என்பதன் கடைசி எல்லை அந்த ஊழியர்கள் செய்ததுதான்.

அரண்மனையாக இருந்து மாறியவை வேறு வகை. அங்கே விருந்தாளியை மனதில் வைத்து எதுவும் கட்டப்படவில்லை. ஒரு ராஜா தன் பெருமைக்காகக் கட்டியதில் நாம் புகுந்து கொள்கிறோம். வசதிக் குறைகள்கூட இருக்கும். அறைக்கு அறை அளவு மாறும், நடக்கும் தூரம் அதிகம். அதைக் குறையாகப் பார்த்தால் ரசிக்க முடியாது.

இந்த வகையில் நமக்கு மிகப் பக்கம் ஐதராபாத்தின் ஃபலக்நுமா. பக்கம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நாமக்கல்லை ஒட்டிப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44-ஐப் பிடித்து வடக்கே பெங்களூர் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால், ஐதராபாத்துக்குள் நுழைகிற அந்தத் தெற்குப் பக்கத்துக் குன்றின்மேல்தான் அது இருக்கிறது. நம் லாரிகள் ஐம்பது வருஷமாக அந்த வழியாகப் போய் வருகின்றன. நிஜாமின் பிரதமராக இருந்த விகார்-உல்-உம்ரா 1884-ல் தொடங்கிக் கட்டிய மாளிகை அது. பிறகு ஆறாம் நிஜாம் மெஹபூப் அலி கானிடம் போனது. 1951-ல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் தங்கியதற்குப் பின் பல பத்தாண்டுகள் பூட்டியே கிடந்தது. நிஜாம் குடும்பத்து இளவரசி எஸ்ரா முன்னின்று பல வருஷம் பழுது பார்க்கச் செய்ததில், 2010-ல் ஹோட்டலாகத் திறந்தது. நூற்றொரு பேர் ஒரே மேசையில் உட்காரும் சாப்பாட்டு அறையைப் பார்க்கத்தான் கூட்டம் போகிறது. நான் நூலகத்தைச் சொல்வேன். செதுக்கிய மரக்கூரையின் கீழ் கொஞ்ச நேரம் நின்றால், இந்த வீட்டில் ஒரு காலத்தில் படித்தவர்கள் இருந்தார்கள் என்ற எண்ணம் வரும். மேசை பணத்தைக் காட்டுகிறது. நூலகம் மனிதர்களைக் காட்டுகிறது. சும்மா சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். மாலைத் தேநீருக்கோ இரவுச் சாப்பாட்டுக்கோ முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டுப் போக வேண்டும்.

உதய்ப்பூரின் லேக் பேலஸ் படங்களில் பார்த்துப் பழகிய அழகு. 1740-களில் இரண்டாம் ஜகத் சிங் பிச்சோலா ஏரியின் நடுவில் கட்டிய கோடை மாளிகை. 1971 முதல் தாஜ் நடத்துகிறது. படகில்தான் போக முடியும். என் கணிப்பில் அது உள்ளே இருந்து பார்ப்பதைவிடக் கரையிலிருந்து பார்க்கும்போதுதான் முழுசாகத் தெரிகிறது. கரையில் சாதாரண விடுதியில் தங்கி, விடியலிலும் பொழுது சாயும்போதும் அதைப் பார்த்துவிட்டு வருகிறவர் எதையும் இழக்கவில்லை.

ஜோத்பூரின் உமைத் பவன் இதற்கு நேர் எதிர். பஞ்ச காலத்தில் மக்களுக்கு வேலை கொடுப்பதற்காக மகாராஜா தொடங்கிய கட்டடம், 1943-ல்தான் முடிந்தது. இங்கே மேட்டூர் அணை எழுந்து 1934-ல் முடிந்த அதே காலகட்டம். அங்கே விழுந்த வியர்வை கல்லாக நிற்கிறது. கட்டடத்தின் ஒரு பகுதி ஹோட்டல், ஒரு பகுதியில் அரச குடும்பம், ஒரு பகுதி அருங்காட்சியகம். அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் வாங்கிப் போகலாம். கல்லோடு கல் பொருத்திய விதத்தைக் கையால் தடவிப் பாருங்கள். ராஜஸ்தானில் ரிக் வண்டி ஓட்டுகிற நம் பையன்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கலாம்.

இத்தனை சொன்னாலும், சேலம், நாமக்கல் வாசகர் தொடங்க வேண்டிய இடம் வடக்கே இல்லை. சென்னை கன்னிமராவில் தொடங்குங்கள். சேலத்திலிருந்து இரவு ரயிலேறி விடிகாலை எழும்பூரில் இறங்கினால், ஆட்டோ பிடிக்கும் தூரத்தில் பின்னி சாலையில் இருக்கிறது. ரத்னவேலு முதலியார் என்பவர் 1854-ல் தொடங்கிய இம்பீரியல் ஹோட்டல்தான் இதற்கு மூலம். பிறகு கவர்னராக இருந்த கன்னிமரா பிரபுவின் பெயர் வந்தது. எழும்பூரின் கன்னிமரா நூலகமும் அதே பெயரில்தான். ஸ்பென்சர் கம்பெனி வாங்கியது. 1930-களில் முகப்பு முழுக்க மாறியது. சேலத்தில் டி.ஆர். சுந்தரம் மாடர்ன் தியேட்டர்ஸ் தொடங்கிய அதே பத்தாண்டு. நேர்கோடுகளும் வளைந்த ஓரங்களுமாய், வேலைப்பாடு அதிகம் இல்லாத அந்த வெள்ளை முகப்பைக் கொஞ்ச நேரம் எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள். அந்தக் காலம் எதை நவீனம் என்று நினைத்தது என்பது தெரியும்.

1970-களில் இலங்கையின் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா இதில் கை வைத்தார். மதுரை கிளப்பையும் அவர்தான் வரைந்தார். வெயிலும் மழையும் உள்ள நாட்டில் மரம், நிழல், நீர், திறந்த வெளி ஆகியவற்றை வீட்டுக்குள் கொண்டுவந்த பெரிய கலைஞர். கன்னிமராவில் நீச்சல் குளத்துப் பக்கம் நடந்தால் அந்தக் கை தெரியும். 1980-களில் தாஜ் குழுமம் நடத்த ஏற்றது. நீண்ட பராமரிப்பு வேலைக்குப் பின் 2018-ல் மீண்டும் திறந்தது. ஆக, ஒரே வளாகத்துக்குள் மூன்று நான்கு காலங்கள் அடுக்கி நிற்கின்றன. எது எந்தக் காலம் என்று பிரித்துப் பார்ப்பதுதான் இங்கே முக்கியமான வேலை. நம் பக்கத்து நெசவாளர் ஒரு வேட்டியைத் தூக்கிப் பார்த்ததும் பாவு எது, ஊடு எது என்று சொல்லிவிடுகிற மாதிரி, இரண்டு மூன்று முறை போனால் உங்களுக்கும் கை வந்துவிடும்.

மாலையில் போனால் ரெயின்ட்ரீயில் சாப்பிடுங்கள். நாம் தூங்குமூஞ்சி மரம் என்று சொல்கிற அந்தப் பெரிய மரத்தின் பெயரில், செட்டிநாட்டுச் சமையலுக்காகவே வைத்த இடம். ஐந்து நட்சத்திர ஹோட்டல்கள் சாஸும் சூப்புமாகப் பரிமாறிக்கொண்டிருந்த காலத்திலேயே தமிழ்ச் சமையலை மேசைக்குக் கொண்டுவந்த இடங்களில் ஒன்று. நுங்கம்பாக்கத்து தாஜ் கோரமண்டலின் சதர்ன் ஸ்பைஸும் அந்த வரிசையில் வரும். நாட்டுக்கோழிக் குழம்பு தெரிந்த நாமக்கல் நாக்குக்கு இந்த மேசைகளில் தீர்ப்புச் சொல்லும் உரிமை உண்டு. காரம் குறைவாக இருந்தால் சொல்லுங்கள். சமையல்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கோரமண்டலும் கோவளத்து ஃபிஷர்மேன்ஸ் கோவும் 1974-ல் தொடங்கியவை. கோரமண்டல் சேவைக்குப் பேர்போனது. பார்க்க வேண்டிய கட்டடம் அல்ல. கோவளம் குடும்பத்தோடு இரண்டு நாள் கிடப்பதற்கு.

அடுத்து, யாரும் அதிகம் பேசாத ஒன்று: மதுரை பசுமலை கேட்வே. தாஜ் குழுமம் தன் ஹோட்டல்களைத் தாஜ், செலக்‌ஷன்ஸ், விவாந்தா, கேட்வே, ஜிஞ்சர் என்று பல பெயர்களில் பிரித்து வைத்திருக்கிறது. பெயர்ப் பலகையில் தாஜ் இல்லை என்பதற்காக மட்டமாக நினைக்க வேண்டாம். இதே 44-ஆம் நெடுஞ்சாலையில் கரூர், திண்டுக்கல் வழியாகத் தெற்கே மூன்று மணி நேரம் போனால் மதுரை. ஊருக்கு மேற்கே குன்றின்மேல் அறுபது ஏக்கருக்கு மேல் மரங்கள், மயில்கள், மில் துரைமார்கள் குடியிருந்த பழைய பங்களா. அங்கிருந்து பார்த்தால் ஊரும் கோயில் கோபுரங்களும் தெரியும். ஃபலக்நுமாவும் குன்றின்மேல், இதுவும் குன்றின்மேல். ஒன்று ஊரை ஆள நினைத்தவரின் வீடு, மற்றது ஊரின் வெக்கையிலிருந்து ஒதுங்க நினைத்தவர்களின் வீடு. இரண்டையும் பார்த்தவருக்கு வராந்தா எந்தப் பக்கம் திறக்கிறது என்பதிலேயே அந்த வித்தியாசம் தெரியும். செலவைக் கணக்குப் பார்த்தால் நம் மாவட்டத்துக் குடும்பத்துக்கு இதைத்தான் முதல் இரவுத் தங்கலுக்குச் சொல்வேன்.

ஊட்டி சவாயும் இந்தப் பங்களா வகைதான். 1829-ல் தொடங்கும் வரலாறு உள்ளது. சேலத்தில் நள்ளிரவுக்கு மேல் வரும் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறி, மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலுக்கு மாறிப் போங்கள். டிசம்பர், ஜனவரியில் போனால் அறைக்குள் விறகு எரியும் கணப்பு இருக்கும். காரில் போய் இறங்கினால் பாதி சுவை போய்விடும்.

கடைசியாக, போகிறவர்களுக்குச் சில சொற்கள். அறை எடுக்காமலே இவற்றில் பலவற்றை ரசிக்கலாம். பம்பாயில் சீ லவுஞ்சில் துறைமுகத்தைப் பார்க்கும் சன்னல் ஓரம் கேட்டு வாங்கி, ஒரு தேநீரும் பேல் பூரியும் சொல்லி ஒரு மணி நேரம் உட்காரலாம். விலை அதிகம்தான், ஒரு அறைவாடகைக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. சேலம் வெண்பட்டு வேட்டி இருந்தால் கட்டிக்கொண்டு போங்கள். 2014-ல் தமிழ்நாடு சட்டமன்றம், பொது இடங்களில் வேட்டி கட்டியவரைத் தடுக்கக் கூடாது என்று சட்டமே போட்டது. வயதான அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாசலில் இருப்பவர் உங்களை எப்படி வரவேற்கிறார் என்பதைவிட, முதல் முறை வருகிற அவர்களை எப்படி உட்கார வைக்கிறார், மெனு அட்டை புரியாதபோது எந்தத் தொனியில் விளக்குகிறார் என்று கவனியுங்கள். இரண்டு ஹோட்டல்களை ஒப்பிடுவதற்கு எனக்குத் தெரிந்த அளவுகோல்களில் இதற்குத்தான் முதல் இடம்.

கூட்டம் இல்லாத நேரம், பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை. அந்த நேரத்தில் ஊழியர் ஒருவரிடம் இந்தக் கட்டடத்தின் கதையைச் சொல்ல முடியுமா என்று மரியாதையாகக் கேளுங்கள். பழைய ஹோட்டல்களில் இருபது முப்பது வருஷம் வேலை பார்த்தவர்கள் இருப்பார்கள். யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருப்பவர்கள் அவர்கள்.