பால்வாடியில் ஒரு முற்பகல்: தரத்தை எப்படிப் பார்ப்பது, எதை ரசிப்பது

மழலையர் மையம் ஒன்றின் தரம், அங்கே பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இடையே நாள்தோறும் நடக்கும் பேச்சிலும் விளையாட்டிலும் கவனிப்பிலும் இருக்கிறது. சுவர் ஓவியமும் புது நாற்காலியும் அதற்குத் துணை செய்யலாம். அதன் இடத்தைப் பிடிக்க முடியாது. பதிவேட்டைப் புரட்டியோ வாசலில் நின்று எட்டிப் பார்த்தோ இந்தத் தரத்தை அறிந்துவிட முடியாது. ஓரமாக உட்கார்ந்து, ஒரு முற்பகல் முழுவதும் பொறுமையாகப் பார்க்க வேண்டும். எதைப் பார்ப்பது என்று தெரிந்தவருக்கு அந்த நேரம் அலுப்பில்லாமல் போகும்.

இராமநாதபுரம் மாவட்டத்தின் திருவாடானை வட்டாரத்தில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட முதல் இடம் அங்கன்வாடிதான். ஊர் வழக்கில் அது இன்றும் 'பால்வாடி'. அங்கன்வாடிகளை உருவாக்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று, நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. அதற்கு வழிவகுத்த பரிந்துரைகளைத் தந்த ஆய்வுக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் மினா சுவாமிநாதன். தமிழ்நாட்டில் இன்று 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் இயங்குகின்றன. முன்பருவக் கல்வி, இணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மருத்துவமனைக்குப் பரிந்துரைத்தல், தாய்மாருக்கான ஊட்டச்சத்து அறிவுரை என ஆறு பணிகளும் அந்த ஒற்றைக் கூரையின் கீழ் நடக்க வேண்டும். இராமநாதபுரம், 2018-இல் ஒன்றிய அரசு அறிவித்த முன்னேற விழையும் மாவட்டங்களில் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற இரண்டில் ஒன்று. வானம் பார்த்த ஒருபோக நெல்லும் தொண்டிக் கரையின் மீன்பிடியும் வாழ்வாதாரமான இந்த மண்ணில், தாயும் தந்தையும் வேலைக்குப் போகும் நேரத்தில் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்பது பெரிய கேள்வி.

அளவுகோல்கள்

மையங்களை நேரில் பார்த்து மதிப்பிடும் முறைகளில் உலகம் முழுவதும் பரவியது, அமெரிக்காவில் தெல்மா ஹார்ம்ஸும் ரிச்சர்ட் கிளிஃபர்டும் 1980-இல் வெளியிட்ட அளவுகோல். இடவசதி, அன்றாடப் பராமரிப்பு, மொழி, செயல்பாடுகள், பிள்ளைகளோடு பழகும் விதம் என ஒவ்வொன்றையும் நேரில் பார்த்து, 1 முதல் 7 வரை மதிப்பெண் இடுவது அதன் முறை. சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அதைத் தமிழ்நாட்டுச் சூழலுக்கு ஏற்ப மாற்றி, தமிழ்நாட்டுக்கென்றே ஓர் அளவுகோலை உருவாக்கியது. ஓட்டுக்கூரையும் மண்தரையும் உள்ள பால்வாடியிலும் தரம் இருக்க முடியும், அதை அளக்கவும் முடியும் என்பது அந்த முயற்சியின் அடிப்படை.

2013-ஆம் ஆண்டின் தேசிய முன்பருவப் பராமரிப்பு, கல்விக் கொள்கை எந்த மையமும் விட்டுக்கொடுக்கக் கூடாத சிலவற்றை வரையறுத்தது. 30 பிள்ளைகளுக்குக் குறைந்தது 35 சதுர மீட்டர் வகுப்பறை, அதாவது ஏறத்தாழ 377 சதுர அடி, வெளியே குறைந்தது 30 சதுர மீட்டர் விளையாட்டிடம், 3 முதல் 6 வயது வரையுள்ள பிள்ளைகள் 20 பேருக்கு ஒரு பெரியவர், 3 வயதுக்குக் கீழ் 10 பேருக்கு ஒருவர், தாய்மொழியில் 3 முதல் 4 மணி நேரக் கல்வி, தனிச் சமையலிடம், பாதுகாப்பான குடிநீர், பிள்ளைகள் பயன்படுத்தத்தக்க கழிப்பறை. எந்த நேரத்திலும் பிள்ளைகளைத் தனியே விடக் கூடாது என்பதும் அதில் உண்டு. அரசு மையத்துக்கும் வேன் அனுப்பிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் தனியார் நர்சரிக்கும் இவை பொது.

இடத்தைப் பார்ப்பது

பாதுகாப்பிலிருந்து தொடங்குவது முறை. இந்த வட்டாரத்தில் ஊர்தோறும் கண்மாயோ ஊரணியோ இருக்கும். மையத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே சுற்றுச்சுவரும் தாழிடும் கதவும் உண்டா என்பது முதல் கேள்வி. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறையும்போது இந்தக் கேள்வியின் எடை கூடும். அடுத்தது வாசலில் சீமைக்கருவேல முள் கிடக்கிறதா, கூரை ஒழுகுகிறதா, மின்கம்பி பிள்ளையின் கைக்கு எட்டுகிறதா என்பன. நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பாக இருக்கும் மாவட்டம் இது. குடிநீர் எங்கிருந்து வருகிறது, எதில் பிடித்து வைக்கப்படுகிறது, மூடியும் பிடியுள்ள குவளையும் உண்டா என்பவற்றையும் கேட்டறியலாம். கோடையில் காற்றோட்டமும் நிழலும் வேண்டும். தகரக் கூரையின் கீழ் வேர்த்துச் சோர்ந்த பிள்ளையிடம் எந்தப் பாடமும் செல்லாது.

பிறகு, பிள்ளையின் கண்மட்டத்துக்குக் குனிந்து அறையைப் பார்க்க வேண்டும். படங்கள் எந்த உயரத்தில் மாட்டப்பட்டுள்ளன? விளையாட்டுப் பொருள்கள் பிள்ளைகள் தாமே எடுத்துத் தாமே திருப்பி வைக்கும் தாழ்ந்த தட்டில் உள்ளனவா, பீரோவில் பூட்டிக் கிடக்கின்றனவா? 1939-இல் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்த மரியா மாண்டிசோரி வலியுறுத்தியவற்றில், பொருள் பிள்ளையின் கைக்கு எட்ட வேண்டும் என்பது முதன்மையானது. கடையில் வாங்கியவைதான் வேண்டும் என்பதில்லை. கொட்டாங்கச்சி, பனையோலைக் காற்றாடி, தொண்டிக் கரையில் பொறுக்கிய சிப்பி, துணிப்பொம்மை எல்லாம் நல்ல கருவிகள். ஆனால் புளியங்கொட்டை, சோழி போன்ற சின்னப் பொருள்கள் 3 வயதுக்குக் கீழுள்ளவர்களின் கையில் படாமல் இருக்க வேண்டும். அவை தொண்டையில் சிக்கும் அபாயம் உண்டு. பொருள்களின் விளிம்பு தேய்ந்து, நிறம் மங்கி இருந்தால் மகிழலாம். அவை நாள்தோறும் புழங்குகின்றன.

வருகை நேரம்

காலையில் பிள்ளை வாசலுக்கு வரும் அந்த ஒரு நிமிடம் நிறையச் சொல்லும். நல்ல பணியாளர் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைப்பார். நேற்று வராத பிள்ளையிடம் காரணம் கேட்பார். கொண்டுவந்து விடும் அப்பத்தாவிடம் காய்ச்சல் விட்டதா என்று விசாரிப்பார். அழுதுகொண்டு வரும் புதுப் பிள்ளையை அவர் எப்படி ஏற்கிறார் என்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். மிரட்டி அமர்த்துவது ஒரு வகை. தூக்கி வைத்துக்கொண்டே மற்ற வேலைகளைத் தொடர்ந்து, பிள்ளை தானாக இறங்கி விளையாடப் போகும்வரை காத்திருப்பது இன்னொரு வகை. இரண்டாவதைச் செய்யும் மையத்தில் மற்றவையும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அடி, கிள்ளு, இருட்டறைப் பயமுறுத்தல், நிறத்தையோ சாதியையோ குறிப்பிட்டுப் பேசுவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும், வேறு எந்தச் சிறப்பும் அதை ஈடுசெய்யாது.

பேச்சைக் கேட்பது

முற்பகலின் சாரம் பேச்சில் இருக்கிறது. பணியாளர் பிள்ளைகளிடம் பேசுவதில் கட்டளை எவ்வளவு, உரையாடல் எவ்வளவு என்று மனத்துக்குள் பிரித்துக் கேட்கலாம். 'உக்காரு', 'கையக் கட்டு', 'சத்தம் போடாதே' என்பவை கட்டளைகள். 'இது என்ன நிறம்?' என்பது கேள்விதான், ஆனால் ஒரே சொல்லில் முடிந்துவிடும். 'மழை பெஞ்சா எறும்பெல்லாம் எங்க போகும்?' என்று கேட்டுவிட்டு, பிள்ளை யோசிக்கும்வரை பொறுத்து, அது சொன்ன பதிலிலிருந்தே அடுத்த கேள்வியை எடுப்பதுதான் உயர்ந்த கலை. நான்கைந்து முறை பேச்சு இருபக்கமும் போய்வந்தால், அங்கே மொழி வளர்கிறது.

வீட்டுச் சொல்லுக்கு மையத்தில் மரியாதை இருக்கிறதா என்பதும் கவனிக்கத் தக்கது. கடற்கரைப் பிள்ளைக்கு மீன் பெயர்கள் தெரியும். கண்மாய்க்கரைப் பிள்ளைக்கு நாற்றும் கதிரும் தெரியும். தொண்டிப் பகுதி முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை தாயை 'உம்மா' என்று சொல்லும். அந்தச் சொற்களைத் திருத்தாமல் வாங்கிக்கொண்டு, அவற்றோடு புதுச் சொற்களைச் சேர்த்துத் தரும் பணியாளர் பிள்ளையின் அறிவை மதிக்கிறார். தமிழ்நாட்டு மையங்களுக்கான முன்பருவப் பாடத்திட்டத்தின் பெயர் 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா'. மாதத்துக்கு ஒரு கருப்பொருள் என்று அமைந்த அதை, உள்ளூரில் பிள்ளை தொட்டுப் பார்க்கும் பொருள்களோடு இணைத்து நடத்துவதில் பணியாளரின் திறமை வெளிப்படும்.

கதை நேரத்தைத் தவறவிடக் கூடாது. 3 அல்லது 4 வயதுப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து கவனிக்க 15 முதல் 20 நிமிடமே போதுமானது. அதற்குள் கதை சொல்பவரின் குரல் மாறுகிறதா, பிள்ளைகள் இடையில் புகுந்து கதையைத் திருப்ப இடம் உண்டா, கடைசி வரிசைப் பிள்ளையும் அதில் சேர்கிறதா என்று பார்க்கலாம்.

விளையாட்டைப் படிப்பது

பிள்ளைகள் தாமே தேர்ந்துகொள்ளும் விளையாட்டு நேரம் இல்லாத மையம் அரைகுறையானது. 3 வயதுப் பிள்ளைகள் ஒருவர் அருகில் ஒருவர் உட்கார்ந்து தனித்தனியே விளையாடுவார்கள், இது இயல்பு. 4, 5 வயதில் கூட்டு விளையாட்டு மலரும். வரிசையாகப் போட்ட பாய் பஸ் ஆகிறது. ஒருவன் கண்டக்டராகித் 'தொண்டி, தேவகோட்டை' என்று கூவுகிறான். இலை டிக்கெட் ஆகிறது. சில்லறை பாக்கி கேட்டு ஒருத்தி சண்டை போடுகிறாள். இந்த ஒரே ஆட்டத்தில் மொழி, எண், முறை வைத்துக் காத்திருத்தல், பிறர் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்தல் எல்லாம் நடக்கின்றன. பெரியவர் இங்கே என்ன செய்கிறார் என்று கவனிக்க வேண்டும். ஆட்டத்தைக் கலைக்காமல், தாமும் பயணியாக ஏறி 'திருவாடானைக்கு ரெண்டு டிக்கெட்' என்று கேட்பவர், கூட்டல் கணக்குக்கு வழி திறக்கிறார்.

மணல், களிமண், தண்ணீர், உலக்கைப் பாட்டுக்கு ஏற்றாற்போல் கையசைவு ஆகியவை விரல் தசைகளை வலுப்படுத்தும். எழுத இவையே ஆயத்தம். 3 வயதில் சிலேட்டில் வரிசை வரிசையாக எழுத்தைப் போட வைப்பதும், பொருள் தெரியாத ஆங்கிலப் பாட்டை ஒப்பிக்க வைப்பதும், வீட்டுப்பாடம் தருவதும் பெற்றோருக்குத் தரமாகத் தோன்றலாம். அவற்றால் விளையாட்டுக்கும் பேச்சுக்கும் உரிய நேரம் பறிபோகிறது.

தட்டும் தராசும்

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டம் முன்பருவப் பிள்ளைகளையும் உள்ளடக்கியது. அதிலிருந்து, மதிய உணவு தமிழ்நாட்டுப் பால்வாடியின் அடையாளமாகவே ஆகிவிட்டது. 3 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு நாள்தோறும் குறிப்பிட்ட அளவு கலோரியும் புரதமும் தர வேண்டும் என்பது தேசிய நெறி. கலவை சாதமும் வாரத்தில் சில நாள் முட்டையும் அதற்காகவே. உணவின் சுவையையும் சூட்டையும் பார்ப்பதோடு பரிமாறும் விதத்தையும் பார்க்க வேண்டும். சோப்புப் போட்டுக் கைகழுவுகிறார்களா? எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் கலந்து உட்காருகிறார்களா? மெதுவாகச் சாப்பிடும் பிள்ளைக்குப் பொறுமை கிடைக்கிறதா? தட்டுகளைப் பிள்ளைகளே எடுத்துவைக்கும் மையத்தில், ஆளுக்கு ஒரு தட்டு என்று பொருத்திப் பார்ப்பதில் எண்ணின் பொருள் புரியத் தொடங்குகிறது. ஒன்று முதல் நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளையிடம் இந்தப் புரிதல் இல்லாமலும் போகலாம்.

எடை பார்ப்பதிலும் தமிழ்நாட்டுக்கு நீண்ட மரபு உண்டு. உலக வங்கி உதவியுடன் 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், சின்னப் பிள்ளைகளை மாதந்தோறும் எடை போட்டு, வளர்ச்சி தளர்ந்தவர்களுக்கு மட்டும் குறிப்பிட்ட காலம் கூடுதல் உணவு தந்தது. வளர்ச்சிக் கோட்டில் ஒரு புள்ளியைவிட, கோடு போகும் திசை முக்கியம் என்பது அதன் பாடம். நல்ல மையத்தில் பணியாளர் அந்தக் கோட்டைத் தாயிடம் காட்டிப் பேசுவார். கோடு தொடர்ந்து சரிந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவைப்பார்.

யாரும் விடுபடாமல்

ஒரு மையத்தின் தரத்தை அதன் மிகச் சுறுசுறுப்பான பிள்ளையை வைத்து அளக்கக் கூடாது. பேசாமல் மூலையில் இருக்கும் பிள்ளை, காது கேளாத பிள்ளை, நடக்கச் சிரமப்படும் பிள்ளை ஆகியோர் அந்த முற்பகலில் எத்தனை முறை பெயர் சொல்லி அழைக்கப்படுகிறார்கள் என்று தனியே எண்ணிப் பார்க்கலாம். வருகையும் அப்படித்தான். தை, மாசி அறுவடையில் தாய்மார் விடியலில் வயலுக்குப் போகும்போதும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் கடலோர வீடுகளில் வருமானம் சுருங்கும்போதும் பிள்ளைகள் தொடர்ந்து வருகிறார்களா? வராதவர் வீட்டுக்கு யாராவது போய்ப் பார்க்கிறார்களா?

பணியாளரின் நேரம்

மையத்தில் குறை தெரிந்தால் உடனே பணியாளரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. கற்பித்தல், எடை, பதிவேடு, 2021 முதல் கைபேசிச் செயலியில் பதிவு, கருவுற்ற தாய்மாரைச் சந்திப்பது என அத்தனையும் பெரும்பாலும் ஒருவர் தோளில் இருக்கின்றன. சமையலுக்கும் துப்புரவுக்கும் ஓர் உதவியாளர். கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் தமிழ்நாட்டில் 320 மையங்களில் ஓர் ஆய்வு நடத்தினர். அவற்றில் ஒரு பகுதிக்கு முன்பருவக் கல்விக்கென்று அரைநாள் பணியாளர் ஒருவர் கூடுதலாக அமர்த்தப்பட்டார். அங்கே கற்பித்தல் நேரம் இருமடங்கானது. ஒன்றரை ஆண்டில் பிள்ளைகளின் மொழித்திறனும் கணக்குத்திறனும் தெளிவாக உயர்ந்தன; மையத்தில் தொடர்ந்து இருந்த பிள்ளைகளிடம் வளர்ச்சிக் குறைவும் கடும் ஊட்டச்சத்துக் குறைவும் தணிந்தன. ஆகவே, பிள்ளைகளோடு பணியாளர் உண்மையில் செலவிட்ட நிமிடங்களைக் கடிகாரம் பார்த்துக் குறிப்பது, எளிய அளவீடுகளில் மிகப் பயனுள்ளது. அந்த நேரத்தைத் தின்பது எது என்பதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

முடிவுக்கு வருவது

ஒரு முறை பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. வேறு வேறு பருவத்தில், முன்னறிவிப்போடு ஒரு முறையும் இல்லாமல் ஒரு முறையும் செல்வது நல்லது. பாதுகாப்பும் அன்பான நடத்தையும் முதல் தட்டு; இவற்றில் தவறினால் மற்றவற்றை எண்ண வேண்டியதில்லை. பேச்சு, விளையாட்டு, பணியாளர் தந்த நேரம் இரண்டாம் தட்டு. உண்மையான தரவேறுபாடு இங்கேதான் தெரியும். உணவு, எடைக் கண்காணிப்பு, பெற்றோருடன் உறவு மூன்றாவது. கட்டடத்தின் அழகும் பொருள்களின் எண்ணிக்கையும் கடைசி.

கண்டவற்றில் நல்லதைப் பணியாளரிடம் நேரில் சொல்வது பார்வையாளரின் கடமை. அந்த வேலையைக் கவனித்துப் பாராட்டுவோர் குறைவு. சுற்றுச்சுவர், குடிநீர், கழிப்பறை போன்ற குறைகளை மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடும் கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவரலாம். பணியிடம் காலியாக இருப்பது, பயிற்சி போதாமை போன்றவற்றை வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு எழுதலாம். மதிப்பீடு மையத்தை மேம்படுத்த உதவும்போதுதான் அதற்குச் செலவிட்ட முற்பகல் பிள்ளைகளுக்குப் பயன்படும்.