பாலாற்றைப் பாடும் பாவலர்களுக்கு

பாட்டுக்கு ஊற்று எங்கே? கலையில், பயணத்தில் என்பர். மு.வரதராசனார் தொலைவில் தேடினாரில்லை. வாலாசாப்பேட்டையையும் பாலாற்றையும் உற்று நோக்கினார். ‘அகல் விளக்கு’ பிறந்தது. 1961-இல் சாகித்திய அகாதெமிப் பரிசும் பெற்றது.

இன்று பாலாற்றைப் பாடுவோர் சிலர் காண்பதென்ன? தெளிநீர், தென்றல், தென்னஞ்சோலை! தோல் தொழிற்சாலைக் கழிவு ஆற்றையும் நிலத்தையும் கெடுத்ததை 1996-இல் உச்ச நீதிமன்றமே எடுத்துரைத்தது. 2015-இல் இராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 தொழிலாளர் மாண்டனர். அச்சேறு இவர்தம் ஏட்டில் ஒரு துளியேனும் படிந்ததா?

கண்ணை மூடிக்கொண்டு எழுதுவது கவிதையாகாது, ஒப்பனையே ஆகும். கவிஞர்காள், ஆம்பூருக்குப் பயணப்படுங்கள்! நம் கால்களுக்குச் செருப்புத் தந்து, தம் கிணற்று நீரை இழந்த மக்களைக் காணுங்கள். அங்கே காத்திருக்கிறது, பாடப்படாத பாட்டு!